சான் சால்வடோரில் முதலில் காண வேண்டிய சுவர்

எல் சால்வடோரின் தலைநகரான சான் சால்வடோருக்குச் செல்வோரிடம் பயணக் கையேடுகள் பெரும்பாலும் ஒரே பட்டியலைத்தான் நீட்டுகின்றன: நகரை ஒட்டிய எரிமலையின் எல் போகெரோன் பள்ளம், பசிபிக் கரையின் அலைச்சறுக்குக் கடற்கரைகள், தேசிய அரண்மனை, சீன உதவியுடன் கட்டப்பட்டு 2023இல் திறக்கப்பட்ட தேசிய நூலகம். யாவும் காணத் தக்கவையே. 1917ஆம் ஆண்டு வெடிப்பில் அப்பள்ளத்திலிருந்த ஏரி வற்றி, அடியில் சிறு கூம்பொன்று முளைத்தது. விளிம்பில் நின்று அதைக் காண்பவர் எளிதில் மறக்கமாட்டார். ஆயினும் இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதே நமது கருத்து.

முதலில் செல்ல வேண்டியது குஸ்கத்லான் பூங்காவுக்கு. அங்குள்ள நீண்ட கருங்கற் சுவரில், கொல்லப்பட்டவர்கள், காணாமற் போனவர்கள் என 25,000க்கும் மேற்பட்ட குடிமக்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 1980 முதல் 1992 வரை நீடித்த உள்நாட்டுப் போரில் மாண்டோர் ஏறத்தாழ 75,000 பேர். இத்தகைய நினைவுச் சின்னம் வேண்டுமென 1993இல் உண்மை அறியும் ஆணையம் பரிந்துரைத்தது. தேசிய அரசு அதை எழுப்பவில்லை. குடிமக்கள் அமைப்புகளே நகராட்சியின் துணையோடு 2003இல் எழுப்பின. உடலே கிடைக்காதவர்களின் உறவினருக்கு மலர் வைக்க இச்சுவரன்றி வேறிடம் ஏது?

அடுத்து, பேராலயத்தின் நிலவறை. 1980 மார்ச் 24 அன்று திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்ட பேராயர் ஆஸ்கார் ரொமேரோ இங்கே துயில்கிறார். 2018இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. இதே பேராலயத்தின் முகப்பை ஓவியர் ஃபெர்னாண்டோ யோர்ட்டின் வண்ண ஓடுகள் அலங்கரித்திருந்தன. 2011ஆம் ஆண்டின் இறுதியில் திருச்சபையே அவற்றைப் பெயர்த்தெறிந்தது.

மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஒரு ரோஜாத் தோட்டம் உண்டு. 1989 நவம்பர் 16 அன்று இயேசு சபைக் குருக்கள் அறுவரையும், சமையற்பெண்ணையும், அவருடைய மகளையும் அரசப் படையினர் கொன்ற இடம் அது. அங்கே ரோஜாக்களை நட்டவர் அச்சமையற்பெண்ணின் கணவர்.

துயரத்தைச் சுற்றுலாப் பொருளாக்குவதா எனச் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் பெயர்கள் பொறிக்கப்பட்டதே வருவோர் படிப்பதற்காக அல்லவா? படிக்காமல் கடந்து செல்வதே அவமதிப்பு. 2017இல் திறக்கப்பட்ட நல்லிணக்க நினைவுச் சின்னம் 2024 ஜனவரியில் இடிக்கப்பட்டது. கல்லில் செதுக்கினால் நிலைத்துவிடும் என்பதற்கு இந்நகரில் உறுதியில்லை.

இலக்கிய வாசகர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்நகரில் பிறந்த கவிஞர் ரோக்கே டால்டன் 1975 மே 10 அன்று தமது சொந்த இயக்கத்தினராலேயே கொல்லப்பட்டார். நாற்பதாவது பிறந்தநாளுக்கு நான்கு நாட்களே இருந்தன. அவரது உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. நாம் சென்று நிற்க அவருக்கொரு கல்லறை இல்லை, கவிதைகள் இருக்கின்றன. அவற்றைப் படித்துவிட்டு அச்சுவரின் முன் நிற்போம். எரிமலைக்கு மறுநாள் போகலாம்.