கத்திக்கல்ல, ஊர்வாய்க்கே அஞ்சுகிறார்கள்

உடற்பருமனைக் குறைக்கும் சத்திரசிகிச்சை பற்றி எம்மவரிடையே இரண்டு வகையான பேச்சுகளையே கேட்டு வருகின்றேன். ஒன்று, "வாயைக் கட்டத் தெரியாதவர்கள் வயிற்றை வெட்டுகிறார்கள்" என்ற ஏளனம். மற்றையது, "படுத்தெழும்பினால் புது மனிதராகி விடலாம்" என்ற வியாபாரிகளின் ஆசைவார்த்தை. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினாலும் உண்மையில் கூட்டாளிகள். முதலாவது பேச்சு நோயாளியை வெட்கப்பட வைக்கிறது. வெட்கப்பட்டவரை இரண்டாவது பேச்சு இலகுவாக வளைத்துப் பிடிக்கிறது.

ஏளனம் செய்வோரிடம் முதலில் பேசுகின்றேன். பசி என்பது மனவுறுதி சம்பந்தப்பட்ட விடயம் மாத்திரமன்று. இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஓமோனை 1999இல் யப்பானிய விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். பட்டினி கிடந்து எடையைக் குறைப்பவரின் உடலில் இந்த ஓமோன் கூடுகிறது. இழந்த எடையை மீட்டெடுக்க உடலே போராடுகிறது. இன்று அதிகம் செய்யப்படும் சத்திரசிகிச்சையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் அகற்றப்படுகிறது. கிரெலின் பெருமளவில் சுரக்கும் பகுதியும் அதனோடு போய்விடுகிறது. இன்னொரு முறையில், முட்டையளவு சிறு பையாக்கப்பட்ட இரைப்பை நேரடியாகச் சிறுகுடலோடு இணைக்கப்படுகிறது. இதைச் செய்துகொண்ட நீரிழிவு நோயாளர் பலருக்கு, எடை குறைய முன்னரே, சில நாட்களுள் குருதியில் சீனியின் அளவு இறங்குகிறது. வாயைக் கட்டுவதால் மாத்திரம் இது நிகழ்வதில்லை.

சுவீடனில் ஏறக்குறைய 4,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2007இல் வெளியாயிற்று. சத்திரசிகிச்சை பெற்றோரிடையே மரணம், பெறாதோரைவிட ஏறக்குறைய 29 சதவீதம் குறைந்திருந்தது. இதனை அழகுக்கலை என்று சொல்லிச் சிரிப்பவர்கள் இந்த எண்ணிக்கையைச் சற்று யோசிக்கட்டும்.

எம்மவருக்கு இது தூரத்து விடயமுமன்று. எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீற்றரிலும் கொண்டு கணிக்கும் உடற்திணிவுச் சுட்டி 40ஐ எட்டினால், அல்லது நோய்களோடு 35ஐ எட்டினால் சத்திரசிகிச்சை செய்யலாம் என்பது 1991இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட விதி. 2022இல் சர்வதேச சத்திரசிகிச்சை நிபுணர் சங்கங்கள் அந்த எல்லையைக் குறைத்தபோது, ஆசியர்களுக்கு 27.5 என்ற அளவையே முன்வைத்தன. 165 சென்ரிமீற்றர் உயரமானவருக்கு இது ஏறக்குறைய 75 கிலோ. அந்த எடையிலுள்ள அனைவரும் கத்தியின் கீழ் படுக்க வேண்டும் என்பதல்ல இதன் பொருள். தெற்காசியரின் உடல் குறைந்த எடையிலேயே நீரிழிவுக்கு ஆளாகிறது என்பதே பொருள். நாங்களோ தொந்தியைச் செழிப்பின் அடையாளமென்று சொல்லிக் கொண்டிருக்கிறோம்.

இனி அச்சத்துக்கு வருவோம். மேசையிலேயே உயிர் போய்விடுமோ என்பதுதான் எல்லோருக்கும் முதற் பயம். 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 4,776 நோயாளருள் 30 நாட்களுக்குள் இறந்தோர் 0.3 சதவீதம், அதாவது ஆயிரத்தில் மூவர். மிகச் சிறிய எண்தான், ஆனாலும் பூச்சியமன்று. 2024இல் சென்னையில் இத்தகைய சிகிச்சைக்குச் சென்ற இளைஞர் ஒருவர் உயிரிழந்த செய்தி எம்மையெல்லாம் உலுக்கியது. ஆகவே அஞ்சுங்கள், ஆனால் அந்த அச்சத்தைக் கேள்விகளாக்குங்கள். இந்த வைத்தியர் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்? தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கேயே உண்டா? ஓராண்டின் பின் என்னை யார் பார்ப்பார்? இவற்றுக்குப் பதில் சொல்லாமல் கட்டணக் கழிவு பற்றிப் பேசும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

எனது பெரிய பயம் வேறு. ரொறன்ரோவில் வாழும், எனக்குத் தெரிந்த பெண்ணொருவர் சத்திரசிகிச்சை செய்துகொண்டு, உறவினரிடம் பித்தப்பைக் கல் எடுத்ததாகச் சொன்னார். ஆயுள் முழுவதும் எடுக்க வேண்டிய விற்றமின் மாத்திரைகளை வீட்டுக்கு வருவோர் காணாதபடி ஒளித்தார்; பின்னர் விட்டுவிட்டார். கொண்டாட்டங்களில் சந்தேகம் வராதிருக்க நிறையச் சாப்பிட்டு, குளியலறையில் வாந்தியெடுத்தார். சில ஆண்டுகளில் கால்கள் விறைக்கத் தொடங்கின. விற்றமின் பி12 குறைபாடு என்றார்கள். "அண்ணை, கத்திக்கு நான் பயப்படேல்லை. எங்கட சனத்தின்ர வாய்க்குத்தான் பயந்தனான்" என்று அவர் என்னிடம் சொன்னார். அவருடைய கால்களை விறைக்க வைத்ததில் எங்கள் எல்லோருக்கும் பங்குண்டு.

எதிர்பார்ப்புக்கு ஓர் உதாரணம் உலகமறிந்த மரடோனா. 2005இல் கொலம்பியாவில் இந்தச் சத்திரசிகிச்சையைப் பெற்று மெலிந்து, அதே ஆண்டில் தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தினார். உலகம் வியந்தது. 2007இல் மதுப்பழக்கத்தின் விளைவாக வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். 2020இல் இதயம் செயலிழந்து மறைந்தார். சத்திரசிகிச்சை தோற்றது என்று நான் சொல்ல வரவில்லை. அது இரைப்பையைத்தான் சுருக்கும். வாழ்க்கையைத் திருத்தித் தராது. குடலை மாற்றியமைத்த பின் மது விரைவாகவும் கடுமையாகவும் ஏறும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நீரிழிவு அடங்கலாம், மூட்டுவலி குறையலாம், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுவது நீங்கலாம். தோல் தொங்கும். இரண்டாம் ஆண்டின் பின் எடை ஓரளவு திரும்பலாம். போன இளமையும் கசந்த இல்லறமும் திரும்பி வருவதற்கு எந்த வைத்தியரும் உத்தரவாதம் தர முடியாது.

2021இன் பின் செமகுளூடைட் ஊசி எடை குறைப்புக்கும் வந்துவிட்டது. சிலருக்குக் கத்தியே தேவைப்படாமற் போகலாம். ஆனால் ஊசியை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புகிறது. எந்த வழியும் தொடர் கவனிப்பின்றி நிலைக்காது. எங்கள் பத்திரிகைகளோ "முன்னர்", "பின்னர்" என்று இரண்டு படங்களைப் போட்டு, விளம்பரத்தைச் செய்தியென்று விற்கின்றன. ஐந்தாம் ஆண்டின் படம் எங்கே என்று அந்த ஆசிரியர்களைக் கேளுங்கள்.

பிரித்தானியாவிலும் ஒன்ராறியோவிலும் தகுதியுடையோருக்கு இச்சிகிச்சை அரச செலவில் கிடைக்கிறது. கொழும்பிலும் அரச வைத்தியசாலைகளில் செய்யப்படுகிறது. வேண்டுமா வேண்டாமா என்பதை நோயாளியும் வைத்தியரும் தீர்மானிக்கட்டும். செய்துகொண்டவர் உங்கள் வீட்டு விருந்துக்கு வந்தால், அவர் கேட்கும் அளவு பரிமாறுங்கள்; மாத்திரை விழுங்கத் தண்ணீர் கொடுங்கள்; காரணம் கேளாதீர்கள். வாயைக் கட்ட வேண்டியவர்கள் நாங்கள்தான்.