இலங்கை ஆடைத் தொழில்: துணியும் கூலியும்

இலங்கையின் உற்பத்தித் துறையில் ஆடைத் தொழிலுக்கே முதலிடம். நாட்டின் பண்ட ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை அது ஈட்டித் தருகிறது. சுமார் மூன்றரை இலட்சம் பேருக்கு நேரடி வேலை அதில் கிடைக்கிறது; அவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். கொழும்பையும் கட்டுநாயக்கவையும் சுற்றியே பேசப்பட்டாலும் இத்தொழில் மலைநாட்டிலும் வேரூன்றியிருக்கிறது. கண்டிக்குக் கிழக்கே பல்லேகலவில் முதலீட்டுச் சபையின் கைத்தொழிற் பேட்டை அமைந்திருக்கிறது. திகன, குண்டசாலை, தெல்தெனிய சுற்றுவட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குத் தோட்டத்தையும் வயலையும் விட்டால் மாதச் சம்பளம் தருவது தொழிற்பேட்டைதான்.

இத்தொழிலின் வளர்ச்சிக்கு வழி திறந்தது 1977-இன் திறந்த பொருளாதாரக் கொள்கை. 1978-இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. பணக்கார நாடுகள் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இவ்வளவு ஆடைதான் வாங்குவோம் என்று கோட்டா வரம்பு வைத்திருந்த காலம் அது. தங்கள் நாட்டுக் கோட்டா தீர்ந்துபோன கிழக்காசிய முதலாளிகள், இலங்கையின் கோட்டாவைத் தேடி இங்கே வந்தார்கள். 1992-இல் ஜனாதிபதி பிரேமதாச தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் தொழிலைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. 2005 ஜனவரியில் கோட்டா முறை முடிவுக்கு வந்தபோது தொழிலே அழிந்துவிடும் என்று பலர் அஞ்சினார்கள். மாஸ், பிரண்டிக்ஸ், ஹிர்தாரமணி போன்ற நிறுவனங்கள் மலிவு விலைப் போட்டியிலிருந்து விலகி, உள்ளாடை, விளையாட்டு உடை போன்ற நுட்பமான தையலுக்கு மாறியதால் அந்த அச்சம் பொய்த்தது.

இன்றைய நிலையை வருமானக் கணக்கு ஓரளவு காட்டும். துணி, ஆடை ஏற்றுமதி 2022-இல் சுமார் 595 கோடி டொலர் ஈட்டியது. மேலை நாடுகளில் விலைவாசி ஏறி வாங்குவோர் கையைச் சுருக்கியதால், 2023-இல் அது 490 கோடியை ஒட்டி இறங்கியது. 2024-இல் 500 கோடியைச் சற்றுத் தாண்டியது. மீட்சி உண்மைதான். ஆனால் 2025-இல் 800 கோடியை எட்டுவோம் என்று தொழில்துறையே முன்பு வகுத்த இலக்கோடு ஒப்பிட்டால், கடக்க வேண்டிய தூரம் இன்னும் பெரிது.

இந்த டொலர் முழுவதும் நாட்டில் தங்குவதுமில்லை. துணி, நூல், பொத்தான், ஜிப் எனக் கணிசமான பகுதி இறக்குமதிக்குத் திரும்பிப் போகிறது. கிடைத்த வரிச் சலுகையை முழுமையாகப் பயன்படுத்த முடியாததற்கும் இதுவே காரணம். ஐரோப்பிய ஒன்றியம் ஆடைகளுக்குப் பொதுவாக 12 சதவீதம் வரை தீர்வை விதிக்கிறது. ஜிஎஸ்பி பிளஸ் சலுகை பெற்ற நாட்டுக்கு அது இல்லை. இலங்கை இச்சலுகையை 2005-இல் பெற்றது, 2010-இல் இழந்தது, 2017-இல் மீண்டும் பெற்றது. ஆனால் தைப்பது மட்டும் போதாது. துணியும் உள்நாட்டிலோ, விதி ஏற்கும் அண்டை நாட்டிலோ உருவாகியிருக்க வேண்டும். சீனத் துணியில் தைத்த சட்டை தீர்வை கட்டியே உள்ளே போகும். பிரித்தானியா தன் சலுகைத் திட்டத்தில் இந்த மூல விதியைத் தளர்த்தியிருப்பது நல்ல செய்தி. ஐரோப்பியச் சந்தையில் அந்தத் தடை அப்படியே நிற்கிறது. ஏறாவூரில் துணி உற்பத்தி வலயம் அமைக்கும் திட்டத்தை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும்.

ஜிஎஸ்பி பிளஸ் என்பது வெறும் வர்த்தக ஏற்பாடல்ல. மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றாடல், நல்லாட்சி தொடர்பான 27 சர்வதேச உடன்படிக்கைகளை நாடு கடைப்பிடிக்கிறதா என்று தொடர்ந்து கண்காணிக்கப்படுகிறது. உரிமையையும் தொழிலையும் பிரிக்க முடியாது என்பதை மலைநாடே கண்டது: 2018 மார்ச்சில் திகனவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. கண்டி மாவட்டத்தில் ஊரடங்கும் நாடெங்கும் அவசரகால நிலையும் பிறப்பிக்கப்பட்டன. அந்தக் குற்றத்தின் முதற்கேடு உயிர் இழந்தவர்களுக்கும் உடைமை இழந்தவர்களுக்கும்தான். ஆனால் ஊரடங்கு நாளில் தொழிற்சாலையும் ஓடாது. உரிமைகளில் தவறிய நாட்டின் சலுகையும் நிலைக்காது.

அமெரிக்கச் சந்தையின் ஆபத்து வேறு வகை. இலங்கை ஆடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை வாங்கும் அந்நாடு, 2025 ஏப்ரலில் 44 சதவீதக் கூடுதல் வரி அறிவித்தது. பேச்சுவார்த்தைக்குப் பின் ஜூலையில் அது 30 ஆகவும், ஓகஸ்டில் 20 ஆகவும் குறைந்தது. போட்டி நாடுகளான வங்காளதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது அதே 20 என்பதால் உடனடிப் பாதகம் தவிர்ந்தது. ஆயினும் ஒரே வாடிக்கையாளரை இவ்வளவு நம்பியிருப்பதன் விலை என்னவென்று அந்த நான்கு மாதங்கள் காட்டின.

செலவுப் பக்கமும் இறுகியிருக்கிறது. 2022 ஓகஸ்டில் 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் மின்கட்டணம் ஏறியது. பின்னர் குறைந்தாலும் ஏற்றிறக்கம் நிற்கவில்லை. 2025 மே மாதம் பிரித்தானியாவின் நெக்ஸ்ட் நிறுவனம், செலவு அதிகம் என்று கூறி, 1,400-க்கும் அதிகமானோர் வேலை செய்த கட்டுநாயக்கத் தொழிற்சாலையை மூடியது. மலைநாட்டுத் தொழிற்சாலைகளுக்குப் பாதையும் ஒரு செலவு. கண்டிவரை அதிவேகப் பாதை இன்னும் முடியவில்லை. கொள்கலன் லொறி கடுகண்ணாவ போன்ற மலைப்பாதையில் இறங்கித்தான் கொழும்புத் துறைமுகத்துக்குப் போக வேண்டும். 2025 நவம்பரின் மண்சரிவுகளும் டிட்வா புயலும் அந்தப் பாதை எவ்வளவு பலவீனமானது என்பதை உணர்த்தின.

தொழிலின் அன்றாட ஆரோக்கியம் தெரிவது 'லைன்' எனப்படும் தையல் வரிசையில். ஒரு சட்டையை ஒருவரே தைப்பதில்லை. வெட்டும் பிரிவிலிருந்து கட்டுக்கட்டாக வரும் துண்டுகளில் ஒருவர் தோள் மூட்டுவார், அடுத்தவர் கை பொருத்துவார், இன்னொருவர் கழுத்துப்பட்டி வைப்பார், மற்றொருவர் அடி மடிப்பார். மணிக்கு எத்தனை பீஸ் என்ற டார்கெட் பலகையில் ஏறும். நடுவில் ஒரு ஜூகி தையல் மெஷினுக்கு ஆள் வராவிட்டால் அதற்கு முன்னால் துண்டுகள் குவியும், பின்னால் இருப்போர் வேலையின்றிக் காத்திருப்பார்கள். தவறாமல் வந்தால் கிடைக்கும் வருகைக் கொடுப்பனவு என்ற ஏற்பாடு இதனால் வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டாலும் அந்தத் தொகையில் கைவைக்கப்படும் என்பது தாய்மாருக்குப் பெரும் சுமை.

தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. ஆனால் 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்தைய ஆண்டைவிட 70 சதவீதத்தை ஒட்டி ஏறியிருந்தது. அதன் பின் விலை ஏறும் வேகம் தணிந்ததே ஒழிய, ஏறிய விலை பழைய நிலைக்கு இறங்கவில்லை. 2022-இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். பழகிய கை ஒன்று வெளியேறினால், புதியவர் அந்த வேகத்துக்கு வர மாதங்கள் ஆகும். கூலியைக் குறைத்து மிச்சம்பிடிக்கும் தொழிற்சாலை, திறமையை இழந்து நட்டப்படுகிறது.

எதிர்காலம் சலுகைகளை மட்டும் நம்பி அமைய முடியாது. நாடு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உயர்-நடுத்தர வருமானப் பிரிவில் இருந்தால் ஜிஎஸ்பி பிளஸ் தகுதி தானாகவே போய்விடும். அதாவது பொருளாதாரம் வளர்வதே அச்சலுகைக்கு முடிவு. அதற்குள் முடிக்க வேண்டிய வேலைகள் தெளிவானவை: துணி உற்பத்தியை உள்நாட்டில் பெருக்குவது, அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அப்பால் இந்தியா போன்ற சந்தைகளைப் பிடிப்பது, மின்சாரத்தையும் பாதையையும் நம்பத்தக்கதாக்குவது. இவற்றோடு, தையல் வரிசையில் இருக்கும் பெண்ணுக்கு வாழப் போதுமான சம்பளமும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இடமும், பாதுகாப்பான போக்குவரத்தும் தர வேண்டும். முதல் மூன்றுக்கும் அரசும் முதலீடும் தேவை, ஆண்டுகளும் ஆகும். கடைசியானதைத் தொழிற்சாலைகள் இப்போதே தொடங்கலாம்.