ஒத்தவாடைத் தெருவில் யாருக்குச் சுதந்திரம்?

"மாமல்லபுரம் செத்துப்போச்சு தோழர்" என்று நண்பர் ஒருவர் புலம்பினார். பார்த்துவிட்டு வரலாமென்று போன மாதம் ஒத்தவாடைத் தெருவுக்குப் போனேன்.

செத்துத்தான் கிடக்கிறது. முதுகுப்பையும் சடைமுடியுமாக வெள்ளைக்காரர்கள் வாரக்கணக்கில் தங்கிய தெரு அது. பாதி விடுதிகள் பூட்டிக் கிடக்கின்றன. 2020 மார்ச்சில் சுற்றுலா விசா நின்றபோது போன கூட்டம் பழையபடி திரும்பவில்லை என்றார் விடுதிக்காரர் ஒருவர். இப்போது வருவதெல்லாம் சனி, ஞாயிறுகளில் ஈசிஆரில் பைக் ஓட்டி வரும் நாம்தான். மாடியில் அறை கட்டி வாடகைக்கு விட்டுப் பிழைத்த மீனவர் குடும்பங்களுக்கு இது உண்மையான இழப்பு. அதை நான் கேலி செய்யவில்லை.

என் சண்டை நண்பரின் இன்னொரு வாக்கியத்தோடு. "அந்தத் தெருவில் சாதியே கிடையாது தோழர், யாரும் யாரையும் எதுவும் கேட்க மாட்டாங்க."

யாரைக் கேட்க மாட்டார்கள்? சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும், "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி எப்படி வருமென்று. அந்தக் கேள்வி வெள்ளைத்தோலிடம் எழாது. அவர் சாதிக்கு வெளியே நிற்கிறார், கையில் டாலரும் இருக்கிறது. நாம் போய் அவர் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, சாதி ஒழிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம்.

அன்று மாலை மொட்டைமாடிக் கடையொன்றில் உட்கார்ந்திருந்தேன். பாசிமணி விற்கும் நரிக்குறவர் சமூகத்துப் பெண் ஒருவர் படியேறி வந்து, "சாமி, ஒண்ணு வாங்கிக்கோ சாமி" என்றார். சினிமா வருடக்கணக்காக நமக்குச் சிரிப்புக் காட்டிய அதே 'சாமி'. எத்தனை தலைமுறைப் பயம் அதில் இருக்கிறதென்று யோசிப்பதற்குள் பரிமாறுகிற பையன் ஓடிவந்து, "போ, போ, கீழே போ" என்று விரட்டினான். அவர் இறங்கிப் போனார். அம்பேத்கர் படம் போட்ட டிஷர்ட்டுடன் உட்கார்ந்திருந்த நான் வாயைத் திறக்கவில்லை.

இதே ஊர் தலசயனப் பெருமாள் கோயிலில்தான் 2021இல், அன்னதானப் பந்தியிலிருந்து தன்னை விரட்டினார்கள் என்று பூஞ்சேரியைச் சேர்ந்த நரிக்குறவர் பெண் ஒருவர் வீடியோவில் கேட்ட கேள்வி நாட்டையே உலுக்கியது. அறநிலையத்துறை அமைச்சர் அந்தக் கோயிலிலேயே அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். நவம்பரில் முதலமைச்சர் பூஞ்சேரிக்கே போய்ப் பட்டா கொடுத்தார். நல்லது. ஆனால் பந்தியில் உட்காரும் சாதாரண உரிமைக்கு அமைச்சரே வந்து பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கிறதே!

மறு ஆண்டே அதே பூஞ்சேரியில், நட்சத்திர ஹோட்டல் ஒன்றில், செஸ் ஒலிம்பியாட் நடந்தது. உலகமே வந்து உட்கார்ந்தது. 2022 டிசம்பரில் நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பல பத்தாண்டுப் போராட்டத்தின் வெற்றி அது. அந்தச் சான்றிதழைக் காட்டினால் மொட்டைமாடியில் நாற்காலி போடுவார்களா?

கீழே இறங்கியதும் அந்தப் பெண்ணைத் தேடினேன். கடற்கரை வரைக்கும் போய்ப் பார்த்தேன், காணவில்லை. இரவு நண்பருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"அது சரி தோழர், அந்த மொட்டைமாடிக் கடை இன்னும் இருக்குதா?" என்றார்.