வாடகைக் கப்பலில் வியாபாரம்

பிறர் கப்பலை வாடகைக்கு அமர்த்தி வியாபாரம் செய்வதிலுள்ள அபாயத்தைத் தாமிரபரணிச் சீமையினருக்கு எவரும் புதிதாகப் போதிக்க வேண்டுவதில்லை. 1906-இல் வக்கீல் வ. உ. சிதம்பரம் பிள்ளை, அன்று திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்த தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தபோது அதற்குச் சொந்தக் கப்பல் கிடையாது. வாடகைக்குக் கொடுத்தவர்களும் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் நிர்ப்பந்தத்தினால் பின்வாங்கினார்கள். பங்குதாரரும் பிரயாணிகளும் இருந்தும், ஓட்டுவதற்குக் கப்பல் இல்லாத நிலைமை ஏற்பட்டது. காலியா, லாவோ என்னும் கப்பல்களைச் சொந்தமாக வாங்கிய பிறகே கம்பெனி தன் காலில் நின்றது.

கைபேசிச் செயலிகளை இயற்றும் நமது வாலிபர்களின் இன்றைய நிலைமையும் ஏறக்குறைய இதுவே. பாளையங்கோட்டையிலோ தென்காசியிலோ ஒருவர் தமது புத்தியினாலும் உழைப்பினாலும் நல்லதொரு செயலியை உண்டாக்கலாம். அது ஜனங்களின் கையை அடைய வேண்டுமானால் கூகுளின் வாசலையோ ஆப்பிளின் வாசலையோ கடந்தாக வேண்டும். வாசலுக்கு உடையவரே சுங்கம் விதிக்கிறார். அவரே உள்ளே கடையும் வைத்திருக்கிறார்.

2024 மார்ச் 1-ஆம் தேதி, கட்டணத் தகராறு காரணமாக, சென்னை பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட நம் நாட்டுக் கம்பெனிகள் சிலவற்றின் செயலிகளைக் கூகுள் தனது பிளே ஸ்டோரிலிருந்து அகற்றியது. அவை கட்டணம் செலுத்தவில்லை என்பது கூகுளின் கட்சி. சுப்ரீம் கோர்ட்டு இடைக்காலப் பாதுகாப்பு அளிக்கவில்லை என்பதையும் நாம் மறைக்கவில்லை. மத்திய சர்க்கார் தலையிட்டதன் பேரில் சில தினங்களில் செயலிகள் திரும்பி வந்தன. பெரிய கம்பெனிகளுக்காக மந்திரி பேசினார். தனியொருவனாய் உழைக்கும் வாலிபனுக்காக யார் பேசுவார்?

2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம், பிளே ஸ்டோர் விஷயத்தில் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அப்போது கட்டணம் 15 முதல் 30 சதவீதம் வரை இருந்தது. பிறர் மீது சுமத்திய இக்கட்டணத்தைக் கூகுள் தனது சொந்த யூடியூபுக்கு விதிக்கவில்லை என்றும் ஆணையம் கண்டது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை 216.69 கோடியாகக் குறைத்தது. உலகளாவிய கம்பெனிக்கு அது எம்மாத்திரம்?

இது வியாபாரிகளின் வழக்கு மாத்திரமன்று. சுங்கத்தின் பாரம் முடிவில் சந்தா செலுத்துபவர் தலையிலேயே விழுகிறது. ஐபோனில் விலை கொடுத்து வாங்கிய செயலியை ஆண்ட்ராய்டுக்கு எடுத்துச் செல்லவும் இயலாது. பொருளை வாங்கியவர் குடக்கூலிக்காரராகவே இருக்கிறார்.

காவலுள்ள வாசல் இல்லாவிடில் மோசக்காரர் நுழைவார்கள் என்கிறார்கள். இந்த வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் காவல் வேறு, ஏகபோகம் வேறு. 2016-இல் நம் நாட்டில் தொடங்கிய யூபிஐ முறையைப் பாருங்கள். எந்தச் செயலியிலிருந்தும் எந்த பாங்கின் கணக்குக்கும் பணம் செல்கிறது. நெல்லைச் சந்திப்பிலுள்ள டீக்கடைக்காரருக்கும் ஒரே அட்டை போதுமானதாயிருக்கிறது. வாசலைப் பலருக்கும் திறந்து வைத்துக்கொண்டே காவலும் நடத்தலாம் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? ஐரோப்பிய யூனியனின் சட்டத்துக்கு உட்பட்டு, 2024 மார்ச் முதல் ஆப்பிள் அங்கே பிறர் கடைகளுக்கும் இடம் கொடுத்தது.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. மதகு தம் கையில் இருக்கிறதென்று மேல்மடைக்காரர், ஸ்ரீவைகுண்டத்து விவசாயியின் விளைச்சலில் பங்கு கேட்டால் நாம் பொறுப்போமா?

ஆகவே பார்லிமெண்டு சட்டம் செய்ய வேண்டும். பணம் பெறும் வழியைச் செயலிக்காரரே தேர்ந்துகொள்ளும் உரிமை வேண்டும். பிற கடைகளுக்கும் இடம் வேண்டும். நோட்டீஸும் விசாரணையுமின்றி எந்தச் செயலியையும் அகற்றலாகாது. அபராதங்களைக் கண்டு திருப்தியடைந்து உட்கார்ந்துவிடாமல், நமது வர்த்தக சங்கங்களும் தேச பக்தர்களும் இம்மூன்றையும் நமது பார்லிமெண்டு அங்கத்தினர்களிடம் வற்புறுத்தக் கடமைப்பட்டவர்கள்.