ஆர்டர் போட்ட நாளைக் கொண்டாடுறோம். விமானம் வந்த நாளை?

நண்பர்களே, 'பல்லாயிரம் கோடியில் போர் விமான ஒப்பந்தம்'னு செய்தி வந்தா உடனே ஷேர் பண்றோம். அந்த விமானம் எப்போ வந்து சேர்ந்துச்சுன்னு என்னைக்காவது திரும்பிப் பார்த்திருக்கோமா?

தேஜஸ் கணக்கைப் பாருங்க.

👉 1983: திட்டத்துக்கு ஒப்புதல். மிக்-21க்கு மாற்று கொண்டுவருவதே நோக்கம்.
👉 2001: முதல் பறப்பு.
👉 2016: முதல் படைப்பிரிவு. இன்று நம்ம சூலூரில் இருக்கும் அதே 45-வது படைப்பிரிவுதான்.

ஒப்புதலிலிருந்து படைப்பிரிவு வரை 33 வருஷம்!

சரி, பழைய கதை. புதுசு?

பிப்ரவரி 2021-ல் 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு சுமார் 48,000 கோடி ரூபாய் ஒப்பந்தம். மார்ச் 2024-ல் டெலிவரி தொடங்கணும். தொடங்கல. முக்கியமான காரணம், அமெரிக்காவிலிருந்து வர வேண்டிய இன்ஜின். 99 இன்ஜின் ஆர்டரில் முதலாவது கைக்கு வந்ததே மார்ச் 2025-ல்தான். விமானம் வர வேண்டிய தேதிக்கு ஒரு வருஷம் கழிச்சு இன்ஜின்! இன்ஜினியரிங் படிச்ச யாரைக் கேட்டாலும் சொல்வாங்க: முக்கியமான ஒரு பாகம் தாமதமானா மொத்த புராஜெக்ட்டும் நிக்கும். அதுக்கு முன்கூட்டியே மாற்று ஏற்பாடு வேண்டாமா?

செப்டம்பர் 25, 2025: இன்னும் 97 விமானங்களுக்கு 62,370 கோடி ஒப்பந்தம். அன்றைக்கு முந்தைய 83-ல் ஒன்றுகூட விமானப்படை கைக்கு வரல. மறுநாளே மிக்-21க்கு வழியனுப்பு விழா. 42 படைப்பிரிவு இருக்க வேண்டிய இடத்தில் மிஞ்சியது 29.

'வெளிநாட்டில் வாங்கினா சீக்கிரம் வருமே'ன்னு சொல்றவங்களுக்கு: 2007-ல் 126 விமானங்களுக்கு டெண்டர் விட்டாங்க. அது கைவிடப்பட்டு, 2016-ல் 36 ரஃபேல் ஒப்பந்தம். முதல் 5 விமானம் அம்பாலாவில் இறங்கியது ஜூலை 2020.

இதில் எல்லா ஆட்சிக்கும் பங்கு உண்டு. அதனால்தான் 'அவங்க காலத்திலும் லேட்தானே'ங்கிற பதிலை ஏத்துக்க முடியாது.

கேள்வி கேட்டா தேசவிரோதின்னு சிலர் வருவாங்க. காகிதத்தில் இருக்கும் விமானத்தை எந்த விமானியும் ஓட்ட முடியாது. நாம கேட்கிறது விமானிக்காக.

கோரிக்கை எளிமையானது: ஒவ்வொரு நாடாளுமன்றக் கூட்டத்தொடரிலும் ஒரே ஒரு பட்டியல் வையுங்க. சொன்ன தேதி, வந்த தேதி, தாமதத்துக்கு யார் பொறுப்பு.

அடுத்த ஒப்பந்தச் செய்தி வரும்போது கைதட்டுறதுக்கு முன்னாடி கமெண்ட்டில் கேளுங்க: "டெலிவரி எப்போ?"

#டெலிவரி_எப்போ