கிரிமினாலஜியா? அதைப் படிச்சு யாரைப் பிடிக்கப் போறா?

தலைப்பு என் வசனம் இல்லை. லோதி காலனியில் எங்களுக்குப் பக்கத்து பிளாக்கில் ஒரு தமிழ்க் குடும்பம். அவர்கள் பெண் ப்ளஸ் டூ முடிக்கப் போகிறாள். சட்டமும் கிரிமினாலஜியும் சேர்ந்த படிப்பில் சேரப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறாள். ஊரிலிருந்து பெரியப்பா போனில் அருளிய திருவாசகம்தான் மேலே இருப்பது. அதற்கப்புறம் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் வரிசையாக வந்து அறிவுரை சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருத்தராவது அந்தப் படிப்பில் என்ன இருக்கிறது என்று அவளிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

நான் வக்கீல் இல்லை. ஸ்கோப் காம்ப்ளெக்ஸில் கணக்குப் பார்க்கிற ஆள். ஆனால் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகள் இணையத்தில் எல்லாருக்கும் திறந்துதான் கிடக்கின்றன. படிப்பதற்கு வக்கீல் சன்னது வேண்டாம், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். தமிழில் குற்றவியல் சட்டம் என்கிறோம், கிரிமினாலஜிக்கும் குற்றவியல் என்றே பெயர் வைத்திருக்கிறோம். அதனால் இரண்டும் ஒன்று என்று நம்மாட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. எது குற்றம், அதற்கு என்ன தண்டனை, எப்படி நிரூபிப்பது என்று கேட்பது குற்றவியல் சட்டம். ஒருத்தன் ஏன் குற்றம் செய்தான், யாரைக் குற்றவாளி என்று சமூகம் சட்டென்று முத்திரை குத்துகிறது, தண்டனைக்கு அப்புறம் அவன் என்ன ஆகிறான், பாதிக்கப்பட்டவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்பது கிரிமினாலஜி. ஒன்று சட்டப் புத்தகத்தைப் பார்க்கிறது, இன்னொன்று மனுஷனைப் பார்க்கிறது.

இப்போது பெரியப்பாவின் கேள்விக்கு வருவோம். யாரைப் பிடிக்கப் போகிறாள்?

அவர் ஒருமுறை டெல்லிக்கு வந்து லோதி ரோட்டில் நடந்தால் தேவலை. சாய்பாபா கோயிலுக்கு வியாழக்கிழமை போகிற கூட்டத்தில் பாதிப்பேர் தாண்டிப் போகிற சாலைதான். சிஜிஓ காம்ப்ளெக்ஸில் சிபிஐ தலைமையகம். அதே வளாகத்தில் 1968ல் தொடங்கிய மத்திய தடய அறிவியல் ஆய்வுக்கூடம். பக்கத்திலேயே 2008ல் சட்டம் போட்டு உண்டாக்கிய என்ஐஏவின் தலைமையகம். பிடிப்பதற்கு ஆட்கள் நிறையவே இருக்கிறார்கள் பெரியப்பா. பிடித்தது சரியான ஆளைத்தானா, பிடித்தவனை என்ன செய்கிறோம் என்று கேட்கத்தான் ஆள் போதவில்லை.

இது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் வருடத்துச் சிறைப் புள்ளிவிவரத்தை எடுத்துப் பாருங்கள். அந்த வருடக் கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நாலு பேரில் மூணு பேர் மேல் குற்றம் இன்னும் நிரூபணம் ஆகவில்லை, ஆனால் உள்ளே இருக்கிறார்கள். நம்ம தமிழ்நாடு சிறப்புக் காவல் படைக்காரர்கள் பல வருடங்களாகக் காவல் நின்ற திகாரிலும் இதே கதைதான்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 479ஆவது பிரிவு இருக்கிறது. முதல் தடவை வழக்கில் மாட்டிய விசாரணைக் கைதி, அந்தக் குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால் அவனை ஜாமீனில் விடவேண்டும். (தூக்கு, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும் வேறு வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது கிடையாது.) பிரிவு காகிதத்தில் இருக்கிறது. யார் எத்தனை நாள் உள்ளே இருக்கிறான், யாருக்கு ஜாமீன் கொடுக்க ஆள் இல்லை என்று சிறைக்குள் போய் எண்ணிப் பார்க்க யார் இருக்கிறார்கள்? சிறையை ஒரு பாடமாகப் படித்த வக்கீலுக்குத்தான் அது வேலையாகத் தோன்றும். செக்‌ஷன் நம்பர் மட்டும் படித்தவருக்கு அது ஜெயிலர் தலைவலி.

இன்னொன்று. தூக்கு தண்டனை 'அரிதினும் அரிதான' வழக்கில்தான் என்று 1980ல் பச்சன் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அந்த ஆள் திருந்த வாய்ப்பு உண்டா என்று பார்க்கவேண்டும் என்றும் அதில் இருக்கிறது. எப்படிப் பார்ப்பது? முகத்தைப் பார்த்தா? 2022ல் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில்தான், குற்றவாளியின் மனநல மதிப்பீடு, குடும்பப் பின்னணி, சிறையில் நடந்துகொண்ட விதம் இதையெல்லாம் விசாரணை நீதிமன்றத்திலேயே வாங்கிப் பார்க்கவேண்டும் என்று தெளிவாக உத்தரவு வந்தது. நடுவில் 42 வருடம்! இந்த அறிக்கைகளைப் படித்துக் குறுக்கு விசாரணை செய்ய வக்கீலுக்கு என்ன தெரிந்திருக்கவேண்டும்? கிரிமினாலஜி. ஒரு உயிர் அதில் தொங்குகிறது சார்.

சரி, அப்படியானால் சட்டம் எதற்கு, கிரிமினாலஜி மட்டும் படித்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. சட்டமும் உரிமையும் தெரியாத கிரிமினாலஜி என்ன செய்யும் என்று தமிழனுக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றுகிறேன். 1871ல் வெள்ளைக்காரன் குற்றப் பழங்குடிகள் சட்டம் கொண்டுவந்தான். சில சாதிகளில் பிறந்தாலே குற்றவாளி என்பது அதன் சாரம். குற்றவாளி பிறக்கும்போதே அப்படிப் பிறக்கிறான் என்று லாம்ப்ரோசோ இத்தாலியில் புத்தகம் போட்டது 1876ல். அன்றைக்கு விஞ்ஞானம் என்று உலகம் கொண்டாடிய சரக்கு அது. 1911க்குப் பிறகு சட்டம் மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. நம் ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். ஆண்கள் எல்லாம் கைரேகை கொடுத்துப் பதிந்துகொள்ளவேண்டும், ராத்திரி போலீஸில் ஆஜராகவேண்டும். ரேகை வைக்க மாட்டோம் என்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர்க்காரர்கள் 1920 ஏப்ரல் 3ல் எதிர்த்து நின்றார்கள். போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்துப்போனார்கள்.

இதில் கவனிக்கவேண்டிய விஷயம், இந்தியாவிலேயே முதல் சிறார் சட்டம் என்று சொல்லப்படும் மதராஸ் சிறுவர் சட்டமும் அதே 1920ல்தான் வந்தது. அதே மாகாணம், அதே வருடம். ஒரு கையில் தப்பு செய்த குழந்தையைத் திருத்தலாம் என்ற எண்ணம், இன்னொரு கையில் பிறந்த குழந்தையே குற்றவாளி என்ற பதிவேடு. இரண்டும் அந்தக் காலத்துக் கிரிமினாலஜி போட்ட குட்டிகள்தான். எது நியாயம் என்று பிரித்துச் சொல்ல அன்றைக்கு அரசியல் சாசனம் இல்லை.

இன்றைக்கு இருக்கிறது. போலீஸ் ஒருத்தரை மயக்க ஊசி போட்டு உண்மை வரவழைக்கிறேன் என்று கிளம்பியபோது, 2010ல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், சம்மதம் இல்லாமல் நார்கோ, மூளை வரைபடம், பொய் கண்டறியும் சோதனை எதுவும் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் நிறுத்தியது. 2024 அக்டோபரில் சுகன்யா சாந்தா வழக்கில், சிறையில் சாதி பார்த்து வேலை கொடுப்பதும் சாதிவாரியாகப் பிரித்து வைப்பதும் செல்லாது என்று தீர்ப்பு. சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளியாகப் பார்க்கும் பழைய விதிகளும் அதில் அடிபட்டன. 1871ன் எச்சத்தைத் துடைக்க 2024 வரை ஆகியிருக்கிறது. அந்தத் தீர்ப்பில் எங்கள் பாளையங்கோட்டைச் சிறையின் பெயரும் வருகிறது. ஊர்ப்பாசத்தில் பெருமைப்பட முடியாத இடத்தில் ஊர்ப்பெயரைப் படிப்பது ஒரு மாதிரித்தான் இருந்தது.

ஆக, கிரிமினாலஜி இல்லாத சட்டம் கண் தெரியாத நாட்டாமை. சட்டம் இல்லாத கிரிமினாலஜி ரேகைப் பதிவேடு. இரண்டையும் ஒரே தலைக்குள் வைக்கவேண்டும் என்பதுதான் என் கட்சி.

இதைப் படிக்க வழியே இல்லையா? இருக்கிறது, அதுதான் எரிச்சல். பார் கவுன்சிலின் 2008ஆம் வருட சட்டக் கல்வி விதிகளில் ஆனர்ஸ் பாடங்களுக்கு 'குற்றமும் குற்றவியலும்' என்று தனிக் குழுவே இருக்கிறது. தண்டனையியல், பாதிக்கப்பட்டோரியல், தடய அறிவியல், சிறை நிர்வாகம், நன்னடத்தை விடுவிப்பு எல்லாம் அதில் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகளாகக் கிரிமினாலஜி சொல்லிக்கொடுக்கிறார்கள். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் துறை இருக்கிறது. ஆனால் சட்டக் கல்லூரியில் இது விருப்பப் பாடம். விருப்பப்பட்டால் படிக்கலாம், படிக்காமலும் கிரிமினல் வக்கீல் ஆகலாம், நீதிபதியும் ஆகலாம். உடற்கூறு படிக்காத டாக்டரிடம் நாம் போவோமா? கிரிமினல் கோர்ட்டில் நிற்கப்போகிற எவருக்கும் இது கட்டாயப் பாடமாக இருக்கவேண்டும்.

காசு? நியாயமான கேள்விதான், மழுப்ப மாட்டேன். வழக்காடும் தொழிலில் முதல் சில வருடங்கள் வறட்சி. சீனியர் கொடுப்பது பெட்ரோலுக்கே போதாமல் போகலாம். பிள்ளையைத் தாங்க முடியுமா என்று பெற்றோர் கணக்குப் போடுவதில் தப்பே இல்லை. ஆனால் கணக்கைச் சரியாகப் போடுங்கள். புதுச் சட்டத்தின் 176(3) பிரிவுப்படி ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்குப் போகவேண்டும். மாநிலங்கள் இதை நடைமுறைப்படுத்த ஐந்து வருடம் வரை அவகாசம். சமூக சேவையையே தண்டனையாகக் கொடுக்கலாம் என்று பாரதிய நியாய சன்ஹிதா முதல்முறையாகச் சொல்கிறது. தடய அறிக்கையைப் படிக்கத் தெரிந்த வக்கீலுக்கும் தண்டனையியல் தெரிந்த அரசு வழக்கறிஞருக்கும் தேவை ஏறப்போகிறதே தவிர இறங்காது.

உங்கள் பிள்ளைக்கும் இந்த ஆசை இருந்தால், தடுப்பதற்குப் பதில் மூன்று விஷயம் பாருங்கள்:

1. கிரிமினாலஜி பட்டம் மட்டும் வைத்து இந்தியாவில் வக்கீலாகப் பதிய முடியாது. பார் கவுன்சில் அங்கீகரித்த எல்எல்பி வேண்டும், அகில இந்திய பார் தேர்வும் உண்டு.

2. லண்டன், லெஸ்டர் என்று வெளியில் இருக்கும் குடும்பங்கள் கவனிக்கவும். அங்கே 'கிரிமினாலஜியுடன் சட்டம்' என்ற எல்எல்பி நிறையக் கிடைக்கிறது. அதே போலப் பெயர் வைத்த பிஏவும் கிடைக்கிறது. இரண்டுக்கும் மதிப்பு வேறு. 2021லிருந்து சொலிசிட்டர் ஆக எஸ்க்யூஇ தேர்வு வந்துவிட்டது, பாரிஸ்டர் ஆக வழி வேறு. ஊர் திரும்பித் தொழில் செய்யும் எண்ணம் இருந்தால் அந்தப் பல்கலைக்கழகம் நம் பார் கவுன்சில் பட்டியலில் உண்டா என்று பணம் கட்டுமுன் பாருங்கள். திரும்பி வந்து தகுதித் தேர்வும் எழுதவேண்டியிருக்கும்.

3. டிவி சீரியல் பார்த்து வந்த ஆசையா என்று பிள்ளையிடம் கேளுங்கள். பூதக்கண்ணாடி வேலை இது இல்லை. கோப்பு, அறிக்கை, புள்ளிவிவரம், சிறை வாசலில் காத்திருப்பு, இதுதான் முக்கால்வாசி. அதைக் கேட்டும் ஆசை அடங்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

கடைசியாக 'பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு ஜெயிலும் கோர்ட்டும்' கட்சிக்கு ஒரு வார்த்தை. ஜெயிலில் பெண்கள் இருக்கிறார்கள், சில பேர் கைக்குழந்தையோடு இருக்கிறார்கள். கோர்ட் வாசலில் பாதிக்கப்பட்டவர்களாக நிற்பதிலும் பெண்கள் குறைவில்லை. அவர்கள் போகலாம், அவர்களுக்காகப் பேசப் படித்த பெண் போகக்கூடாதா? ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்து, இந்தி கற்று, குளிர் தாங்கி, பிள்ளைகளைப் படிக்க வைத்ததெல்லாம் எல்லாரும் ஒரே மாதிரி பொட்டி தட்டவா?

டிஸ்கி: பொட்டி தட்டுபவர்கள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. நானும் பகல் முழுக்க ஆணி பிடுங்குகிறவன்தான். ஆனால் நாளைக்கு நம்மில் ஒருத்தர் தப்பான வழக்கில் மாட்டினால், தேடப்போவது நல்ல ப்ரோகிராமரை இல்லை.