கல்லுக்கும் பாட்டுக்கும் சம்பந்தம் உண்டு

விண்கல் ஆர்வலர்கள் கூடினால் பழைய ராக் பாட்டுகளை வைத்துக் கேலியும் கிண்டலுமாகப் பொழுதைக் கழிக்கிறார்கள் என்று கொதித்து எழுதியிருக்கிறார் ஒருவர். கல்லுக்கும் பாட்டுக்கும் சம்பந்தமில்லை. ராக் அந்நியச் சரக்கு. பாடகர் மெஹபூப் பாடிய கொச்சி மட்டாஞ்சேரிக்கு அது இழுக்கு. இதுதான் அவர் வாதம். ஒன்றுகூட நிற்காது.

குவீன் ராக் குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1970இல் தொடங்கிய ஆய்வைப் பாட்டுக்காகப் பாதியில் விட்டு, 2007இல் முடித்து முனைவர் பட்டம் பெற்றார். அவர் ஆராய்ந்தது கோள்களுக்கு இடையே பரவிக் கிடக்கும் தூசியை. வால்மீன்களும் குறுங்கோள்களும் உதிர்த்த அந்தத் தூசி விண்கற்களுக்கு உடன்பிறப்பு. பென்னு குறுங்கோளில் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் தொட இடம் தேடியபோது, அவர் உருவாக்கிய முப்பரிமாணப் படங்கள் நாசா குழுவுக்குக் கைகொடுத்தன. அங்கே அள்ளிய மண் 2023 செப்டம்பரில் பூமிக்கு வந்து சேர்ந்தது. லெட் செப்பலின் பெயரில் ஒரு குறுங்கோள் உண்டு. பீட்டில்ஸ் நால்வருக்கும் ஆளுக்கொன்று உண்டு. வானியலாளர்களுக்கு இல்லாத கூச்சம் இந்தக் கட்டுரையாளருக்கு எதற்கு?

அந்நியம் என்ற பேச்சை மட்டாஞ்சேரியில் நின்று பேசுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இங்கே மெஹ்ஃபில் என்னும் இசைக்கூடலில் நடுநாயகமாக இருக்கும் ஹார்மோனியம் ஐரோப்பாவில் பிறந்தது. கஜல் அரபு, பாரசீக வழியில் வந்தது. இந்தக் கரையோரத்து லத்தீன் கத்தோலிக்கர் ஆடும் சவிட்டு நாடகத்தின் பழைய பாட்டுகளில் தமிழ் விரவிக் கிடக்கிறது. அந்த நாடகங்களில் ஒன்றான காறல்மான் சரித்திரத்தை எழுதியதாகச் சொல்லப்படும் சின்னத்தம்பி அண்ணாவி தமிழர். கதாநாயகனோ ஐரோப்பிய மன்னன் சார்லமேன். குஜராத்தியும் கொங்கணியும் தமிழும் காதில் விழும் இந்த ஊரில் வந்தேறிகளை விலக்கினால் எந்த இசை மிஞ்சும்? தேர்ட்டீன் ஏடி ராக் குழு 1977இல் கொச்சியில் தொடங்கியது. மதர்ஜேன் குழு 1996இல் வந்தது. அதில் பைஜு தர்மஜன் கர்நாடக இசையின் கமகங்களைக் கிதாரில் பேசவைத்தார். கொச்சிப் பிள்ளைகள் அரை நூற்றாண்டாக வாசித்துவருவதை ஊருக்கு இழுக்கு என்பது அவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு.

கேலிப் பேச்சு அறிவியலைக் கெடுக்கிறதாம். இரும்பு விண்கல் ஒன்று கைக்கு வந்ததும் ஒருவர் பிளாக் சபாத் ராக் குழுவின் பெயரைச் சொல்வார், மற்றவர் டீப் பர்ப்பிள் என்று மடக்குவார். அதே வாய்தான் அடுத்த நொடியில், அறுத்து மெருகேற்றி அமிலம் தடவிய முகத்தில் தெரியும் விட்மான்ஸ்டாட்டன் கோடுகளைப் பற்றிச் சண்டை போடும். இரும்பும் நிக்கலும் பல லட்சம் ஆண்டுகள் மெல்லக் குளிர்ந்ததால் உண்டான கோடுகள் அவை. சிரிப்பவர்களுக்கு இது தெரியும்.

கட்டுரையாளருக்கு அதைவிட எளிய விஷயமே தெரியவில்லை. காந்தம் ஒட்டினால் அது விண்கல் என்று அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார். பட்டறைக் கசடும் காந்தத்தில் ஒட்டும், மாக்னடைட்டும் ஒட்டும். உருகிய மேற்தோல் இருக்கிறதா, நிக்கல் இருக்கிறதா என்று பார்க்காமல் யாரும் முடிவு சொல்வதில்லை. அந்த வரியை நம்பி யாராவது கசட்டுக் கட்டியைக் காசு கொடுத்து வாங்குவதற்குள், அடுத்த இதழிலேயே அவர் அதைத் திருத்தி எழுத வேண்டும்.